சகாதேவனும் பித்தளை மூக்கும்

தெரு இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் சகாதேவன் நின்றுவிடுவான். தலையைத் தூக்கி, காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தில் வாங்கிப் பார்ப்பான். அப்போதும் சந்தேகம் தீராமல், எதிரே வருகிறவரைக் கேட்பான்: "கடலாண்ட திரும்பணுமா, ஏரியாண்டயா?"

இடம், வலம் என்கிற இரண்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. சோறு தின்கிற கை எது என்றால் உடனே நீட்டுவான். அது வலக்கையா இடக்கையா என்றால் முகம் கலங்கிப்போகும். ஏரித்தீவான பசியாவரத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவன் துடுப்புப் போடும் படகில் யாரும் "இடப்பக்கம் வலி" என்று சொல்வதில்லை. "கோட்டைப் பக்கம் வலி" என்பார்கள். ஒல்லாந்தர் கோட்டையின் கொடி ஏரியில் எங்கிருந்தாலும் தெரியும். வெளியில் அவன் பிழைத்துக்கொள்வான். நான்கு சுவருக்குள்தான் தொல்லை.

அவன் தொழிலுக்கு வெறுங்கை போதும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பாதத்தால் சேற்றைத் தடவிக்கொண்டே நடப்பான். வளை தட்டுப்பட்டதும் குனிந்து, தோள்வரை கையை விட்டு, "வா நைனா, வா, சண்டை போடாத" என்று கெஞ்சிக் கொண்டே நண்டை இழுத்துக் கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போடுவான். விரலெல்லாம் நண்டு கவ்விய தழும்பு. ஒவ்வொரு நண்டும் தன்னிடம் கோபித்துக்கொண்டதாகவே நினைப்பான்.

நல்ல நண்டுகள் கோட்டைக்கு அருகே ஒரு ஒல்லாந்த வியாபாரியின் வீட்டுக்குப் போகும். அங்கே சமையல் செய்யும் ஜெயம்மா, நண்டை வாங்கிக்கொண்டு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பாள். கோடையில் பசியாவரத்துக் கிணறு வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரிக்கும். துரை வீட்டுக்கோ மேற்கே ஆற்று ஊற்றிலிருந்து பீப்பாயில் தண்ணீர் வரும். சமையலறைச் சுவரை ஒட்டிய பெரிய கல்தொட்டியில் அதை நிரப்பி வைத்திருந்தார்கள். அதன் அடியில் ஒரு பித்தளைக் குழாய், குழாய்க்குக் கீழே பாத்திரம் கழுவும் கல். ஜெயம்மா அந்தக் குழாயை மூக்கு என்பாள்.

அந்தச் சித்திரையில் சகாதேவனின் மனைவி ருக்கு பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தாள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் அப்படியே வாந்தி எடுத்தாள். காலையிலேயே நண்டும் குடமுமாக அவன் போய் நின்றபோது ஜெயம்மா கையை விரித்தாள்.

"மூக்கு இறுகிப் போச்சு சகாதேவா. சொட்டுத் தண்ணி வரல."

"மேல மொண்டு குடேன் அக்கா."

"மூடிக்குப் பூட்டு. சாவி துரை இடுப்புல. துரை சதுரங்கப்பட்டினம் போயிருக்காரு."

துரைசானி அங்கேதான் நின்றிருந்தாள். பக்கத்தில் துபாஷி தேவதாஸ். அவள் குழாயைக் காட்டி நீளமாக எதையோ சொன்னாள். அவர் அதைத் தமிழில் குட்டையாகச் சொன்னார்.

"கழட்டணுமாம். ஆனா தொறந்துடக் கூடாதாம்."

சகாதேவன் குழாயைப் பார்த்தான். தேவதாஸைப் பார்த்தான். "கழட்டுனா தொறந்துக்குமே ஐயா?"

தேவதாஸ் துரைசானியைக் கேட்டார். அவள் முன்னைவிட நீளமாகச் சொன்னாள். "அதான் சொல்றாங்க," என்றார் அவர், தனக்கும் விளங்காத குரலில்.

குழாயில் பச்சைக் களிம்பும் வெள்ளைச் சுண்ணாம்பும் ஏறிக் கல்லோடு கல்லாக இருந்தது. ஈரத் துணியைச் சுற்றி சகாதேவன் பிடித்தான்.

"இடப்பக்கம் திருப்பு," என்றார் தேவதாஸ்.

சகாதேவன் ஒரு பக்கம் திருகினான்.

"இடப்பக்கம்னா இடப்பக்கம்யா."

மறுபக்கம் திருகினான். எதிரே நின்ற தேவதாஸ் தன் கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு, காட்டியது தன்னுடைய இடமா அவனுடைய இடமா என்று அவருக்கே சந்தேகம் வந்து, மற்றக் கையைத் தூக்கினார். துரைசானி தலையை ஆட்டினாள். அது ஆமென்றா இல்லையென்றா, அதுவும் தெரியவில்லை.

"கடல் எந்தப் பக்கம் அக்கா?" என்று சகாதேவன் பரிதாபமாகக் கேட்டான்.

"இங்க ஏதுடா கடல்? அடுப்புப் பக்கம் திருப்பு."

அடுப்புப் பக்கம் திருப்பினான். தேவதாஸ் "இல்ல, இல்ல" என்றார். வாசல் பக்கம் திருப்பினான். ஜெயம்மா "இன்னாடா பண்றே" என்றாள். ருக்குவின் வெடித்த உதடு நினைவுக்கு வர, யார் சொல்வதையும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு இங்கும் அங்குமாக ஆட்டினான். "வா நைனா," என்றான்.

அது மரை போட்ட குழாயே இல்லை. துளையில் மரக்கட்டை வைத்து அடித்துச் செருகியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். அங்கிருந்த யாருக்கும் அது தெரியாது. ஆட்டிய ஆட்டத்தில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. குழாய் கட்டையோடு அவன் கைக்கு வந்தது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டு அவன் மார்பில் அடித்தது.

சகாதேவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையால் துளையை அடைத்தான். கழுவும் கல்லில் வழிந்தோடிய நல்ல தண்ணீரைப் பார்த்து ஜெயம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள். தேவதாஸ் மாற்றுக் கட்டை தேடி ஓடினார். முதலில் விறகைக் கொண்டுவந்தார், அடுத்து உலக்கையை. துரைசானி ஒரு பாத்திரத்தை எடுத்து அவன் கைக்குக் கீழே பிடித்தாள். கையைச் சற்றே தளர்த்தச் சொல்கிறாள் என்பது யாரும் மொழிபெயர்க்காமலே அவனுக்குப் புரிந்தது. பாத்திரம் பாத்திரமாக நிறைந்தது. நிறைந்த முதல் பாத்திரத்தை ஜெயம்மா அவனுடைய குடத்தில் ஊற்றினாள்.

தச்சனைக் கூட்டிவந்து கட்டை செதுக்கி அடிக்கும்வரை அவன் அப்படியே நின்றான். உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. குடத்தை மடியில் வைத்துக்கொண்டு படகேறினான்.

ருக்கு பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தான். கொஞ்சம் குடித்தாள். வாந்தி வருமோ என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் குடித்தாள்.

"இன்னாய்யா கையி, இப்பிடி ஊறிப் போய்க் கெடக்குது?"

வெளுத்துச் சுருங்கி, இன்னும் சில்லிட்டிருந்த அந்த உள்ளங்கையை அவள் நெற்றிமேல் வைத்து அழுத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கைகாலெல்லாம் நோவெடுத்தும் அவன் அதை எடுக்கவில்லை.