பின்வளவில் ஒரு தொலைநோக்கி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். முழங்கால்வரை நீண்ட பச்சைக் குளிரங்கியும் காதை மூடிய கம்பளித் தொப்பியுமாகவே அவரை நினைவிருக்கிறது. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மேகமில்லாத நாளென்றால் பின்வளவில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டுத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்து அதுகள் கத்துகிற கத்தலில் நாங்களும் வெளியே வந்துவிடுவோம். அவர் மட்டும் ஒருநாளும் அதற்குள் கண்ணை வைத்ததில்லை.

விமானச் சத்தம் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தலையைச் சட்டென்று கையால் மூடுவார். அதையும் நட்சத்திரம் பார்ப்பதில் ஒரு விளையாட்டென்று நினைத்த பிள்ளைகள், ஒருவர் தலையை ஒருவர் மூடிச் சிரிப்பார்கள்.

"நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன் அண்ணை" என்றேன் ஒருநாள்.

"எனக்கு ஏலாது தங்கச்சி. ஊரில நாங்கள் வானத்தைப் பார்த்தது குண்டு போட பொம்மர் வருதோ எண்டுதான். இதுகளாவது சும்மா பார்க்கட்டும்."

அவர் வீடு மாறிப் போய்க் கனகாலம். அன்று வளையம் பார்த்துக் கத்திய என் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நேற்று மாலை வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். மேலே ஒரு விமானம் போனது. பேச்சை நிறுத்தாமலே அவள் என் தலைமேல் கையை வைத்தாள். அந்தச் சத்தம் போய் முடிந்த பிறகும் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.