மணியடிப்பவன் இறங்கி வந்தானா?

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு புரட்சிக்காரர்களை வைத்து ஓயாத சண்டை நடந்தது. இருவரும் எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல, உயிரோடு இருந்தவர்களும் அல்ல. அட்டை போன இரண்டு தடித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் வந்தவர்கள். சண்டை போட்டவர்கள் அப்பாவும் அவருடைய தங்கையான என் அத்தையும்.

லுக்குட் என்ற சின்ன ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் அப்போது குடியிருந்தோம். அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு லாரியை விட்டுவிட்டு, தோட்டத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் ரஹாங்கில் ஒரு நிலையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சனிக்கிழமைகளில் அத்தைக்குத் தொழிற்சாலை விடுமுறை என்பதால் அவள் தன் பழைய காரில் அழைத்துப்போவாள். பின்சீட்டில் நானும் ஏறிக்கொள்வேன். திரும்பும் வழியில் எனக்குக் குடிக்க ஒரு ஐஸ் மைலோ கிடைக்கும்.

அங்கே நாற்காலியில் சாய்ந்து ஊசி ஏற்றிவிட்டால் அப்பா நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அந்த நேரத்துக்காகத்தான் அத்தை நாவல்களைக் கொண்டுவந்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வேறு இடத்துக்கு மாறியபோது வெளியே கொட்டிய குவியலில் அவள் பொறுக்கியவை. எழுதியவர் யார், நாடு எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டிலும் அரசன் கெட்டவன், மக்கள் கிளர்ந்து எழுவார்கள், கடைசியில் ஒரு நல்லவன் பிறருக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பான்.

முதல் நாவலின் நல்லவன் தேவாலயத்தில் மணியடிப்பவன். படை ஊரை எரிக்க வருகிறது. ஊர் மக்கள் பனிமூட்டத்தில் படகேறி ஆற்றைக் கடக்கிறார்கள். கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவிக்கும் படகுகளுக்குத் திசை காட்ட அவன் கோபுரத்தில் நின்று மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான். சிப்பாய்களும் அதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல்தான் மேலே ஏறினான். மற்ற நாவலில் ஒரு வாத்தியார். கலகத் தலைவன் சரணடையாவிட்டால் கிராமத்தையே சுடுவோம் என்கிறார்கள். தலைவன் தானே என்று சொல்லிக்கொண்டு போக வாத்தியார் முடிவு செய்கிறார். ஆனால் போவதற்கு முன் வீடு வீடாகப் போய் அனுமதி கேட்கிறார். கடைசியாகத் தன் தாயிடம் கேட்கிறார். அவள் வெகுநேரம் அழுதுவிட்டு, போ என்கிறாள்.

இவர்களில் யார் பெரியவன் என்பதுதான் சண்டை.

"யாரைக் கேட்டு மேல ஏறுனான் அவன்?" என்பார் அப்பா. "தப்பிச்சுப் போனவன் இனிமே எந்த மணி அடிச்சாலும் சோறு திம்பானா? குடுத்தவன் போயிட்டான், வாங்கிக்கிட்டவன்ல காலம் பூரா சொமக்கணும்? வாத்தியார்தான் மனுஷன். எல்லாரையும் ஒரு வார்த்த கேட்டாரு."

"கேட்டா விடுவாங்களா அண்ணே? அதான் அவன் கேக்கல. ஆத்துல பிள்ளைங்க நிக்கிறப்ப வீடு வீடாப் போயி கதவத் தட்டிக்கிட்டு இருக்க முடியுமா லா?"

பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு சீனப் பெரியவர் இருப்பார். என்ன கதை என்று ஒருநாள் மலாயில் கேட்டார். அப்பா சுருக்கமாகச் சொன்னார். பெரியவர் நன்றாக யோசித்துவிட்டு, அவ்வளவு நேரம் மணி அடித்தவனுக்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்று விசாரித்தார். அப்பா சிரித்ததில் இயந்திரம் கீச்சிட்டு, மிஸ்ஸி ஓடிவந்து கையை ஆட்டக்கூடாது என்று நர்ஸுக்கே உரிய அதட்டலோடு அதட்டினாள்.

நான் அத்தை கட்சி. வாத்தியார் நடந்துகொண்டே இருந்தார், மணியடிப்பவனாவது ஏணி ஏறினான் என்பது என் காரணம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அப்பா ஏன் முகம் சிவக்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

பெரியவர்களுக்கு விளங்கியிருந்தது வேறு. அத்தை தன் சிறுநீரகத்தில் ஒன்றை அப்பாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். பரிசோதனையில் பொருந்தியும் விட்டது. அப்பா முடியாது என்றுவிட்டார். அத்தைக்கு லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஒருவரோடு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணை மேசையில் படுக்கவைத்து அறுத்து அதில் நான் பிழைக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். எழுந்து போக முடியாத இடம் என்று பார்த்துத்தான் அத்தை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நாவலோடு உட்கார்ந்தாள். எனக்கு இதில் ஒரு வார்த்தையும் யாரும் சொல்லவில்லை.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அத்தை சிறு பிள்ளையாக இருந்தபோதே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அம்மா. அண்ணன் தங்கை இருவரும் இரவுச் சோற்றின்போது மறுபடியும் வாத்தியாரைப் பிடித்துக்கொண்ட ஒருநாள், ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று சொன்னாள்.

"அந்த ஆத்தா வாயால 'போ'ன்னு சொல்ல வெச்சாங்க பாரு. அதுக்கு அவளையே சுட்டுருக்கலாம்."

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அம்மாவுக்கு நாவலே பிடிக்காது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அப்பா தளர்ந்துபோனார். கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார். ஒரு சனிக்கிழமை நாற்காலியில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகி, கூப்பிட்டதற்குப் பதில் இல்லாமல் கிடந்தார். மிஸ்ஸிகள் நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கிவைத்து என்னென்னவோ செய்தார்கள். சீனப் பெரியவர் என்னைத் தன் பக்கம் இழுத்து, முகத்தை மறுபுறம் திருப்பிவைத்தார். அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா கண் திறந்தார். தண்ணீர் கேட்டார், நாக்கை நனைக்க மட்டும் கொடுத்தார்கள். பிறகு, எல்லாரும் தன்னையே பார்ப்பது பிடிக்காமலோ என்னவோ, "படி தங்கச்சி, நிறுத்திட்டியே" என்றார்.

அத்தை படித்தாள். மணியடிப்பவன் கதையில் மிஞ்சியிருந்த கடைசிப் பக்கம் அது. ஏணியில் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் கேட்கிறது என்ற வரியோடு நின்றுவிட்டது. அதற்குமேல் இருந்த தாள்களைக் கரையான் தின்றிருந்தது.

"செத்துட்டான். அவ்வளவுதான்" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரு சொன்னா? பேப்பர்தான் இல்லையே. எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவனும் வேற பக்கமா எறங்கி வந்துருப்பான். கோபுரம்னா ரெண்டு ஏணி இருக்காதா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடித் தரையில் வைத்துவிட்டு அப்பாவின் காலடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களா அண்ணே? நாமதான் பெரிய மனுசங்க மாதிரி அவன சாகடிச்சே பேசிக்கிட்டு இருக்கோம். நானும் எறங்கி வந்துருவேன் அண்ணே. டாக்டரு அதத்தானே சொன்னாரு? கல்யாணம் கட்டுவேன், புள்ள பெப்பேன், உங்ககூட இதே மாதிரி சண்டையும் போடுவேன். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க. அண்ணிகிட்ட கேக்காதீங்க. அவங்களால சொல்ல முடியாது."

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஐஸ் மைலோவைப் பற்றி நினைக்கத் தொடங்கியபோது அவர் பேசினார்.

"பாத்து எறங்கணும்."

"பாத்துதான் அண்ணே எறங்குவேன்" என்றாள் அத்தை. இருவரும் அழுதார்கள். ஒரு மணியடிப்பவன் பிழைத்ததற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வியப்பாக இருந்தது. சண்டையை நான்தான் தீர்த்துவைத்தேன் என்ற பெருமை அன்று முழுக்க இருந்தது.

அடுத்த நாளே அப்பா லுக்குட்டுக்குப் போய்ப் பட்டறைக்காரரிடம் பேசினார். அவர் கிரீஸ் கையைத் துடைத்தபடி, "எனக்கு அவங்க வேணும் ணே, உள்ள என்னா எத்தன இருக்குன்னு நான் எண்ணிப் பாக்கல லா" என்றாராம்.

கொஞ்ச மாதம் கழித்து, இருவருக்கும் தலைநகரான கே.எல்.லில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. அத்தைக்கு வயிற்றில் ஒரு வேலை, அப்பாவுக்கும் வயிற்றில் ஒரு வேலை என்று எனக்குச் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி வந்ததை நான் சந்தேகிக்கவில்லை. அம்மாவும் நானும் பட்டறைக்காரரும் நடைபாதை நாற்காலிகளில் காத்திருந்தோம். அம்மா எதுவும் சாப்பிடவில்லை. மாலையில், இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னபோதும் அவள் முகம் இளகவில்லை. அண்ணனுக்கு வைத்தது வேலை செய்கிறதா என்று இனிதான் தெரியும் என்று பட்டறைக்காரர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் எனக்குப் பன் வாங்கிக் கொடுத்திருந்தார். நான் அதைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது உள்கதவு திறந்து அம்மா வந்தாள். வந்தாள் என்பதைவிட ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை.

"ஒன்னுக்குப் போயிட்டாரு!" என்று கத்தினாள். "ஒங்கப்பா ஒன்னுக்குப் போயிட்டாருடி! பை நெறைய!"

நடைபாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. அம்மா அதோடு விடவில்லை. எதிரே தன் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்த மலாய் அம்மாளின் கையைப் பிடித்து, அவளுக்கும் புரியட்டும் என்று மலாயில் இன்னொரு முறை கத்தினாள். அந்த அம்மாள் வெட்கப்படாமல், கடவுளுக்கு நன்றி சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பட்டறைக்காரர் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்தார். அப்பாவுக்கு ஈராண்டாகச் சிறுநீரே சரியாகப் பிரியவில்லை என்பதும், பையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அத்தை கொடுத்தது வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு, இது பள்ளியில் யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்பாவைப் பார்க்க என்னை விடவில்லை. அத்தை இருந்த வார்டுக்கு அழைத்துப்போனார்கள். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். அம்மா செய்தியைச் சொன்னதும் சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க அண்ணி, தையல் இழுக்குது" என்றாள். அம்மா கட்டிலின் கால்பக்கம் போய் நின்று, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அத்தையின் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டாள். அத்தை, வேண்டாம் அண்ணி, விடுங்க என்று காலை இழுக்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

அத்தைக்குக் கால் குளிர்கிறது போலும் என்று நினைத்தேன். போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடிவிட்டேன், அம்மாவின் கைகளையும் சேர்த்து.