வலது கைக்குத் தந்த டப்பா

பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தபோதுதான் என் மகள் சரசுவின் கைகளை ஊரார் கண்ணால் பார்த்தேன். இரண்டு முழங்கை மடிப்பும் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தன. நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. அவளுக்கு எட்டு வயது. தொத்து வியாதி என்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள்.

கோயமுத்தூர் டாக்டர் அதை எக்சிமா (ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சி) என்றார்; யாருக்கும் தொத்தாது என்றார். சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு கம்பெனி கொடுத்த புதுக் களிம்பு அவரிடம் இருந்தது. சிவப்புப் பொட்டு வைத்த டப்பா இடது கைக்கு, பச்சைப் பொட்டு வலது கைக்கு.

“ஒண்ணுல மருந்து இருக்குது, இன்னொண்ணு வெறும் களிம்பு. எது எதுன்னு எனக்கே தெரியாதுங்க அம்மணி. மாத்திப் பூசிப்போடாதீங்க. மருந்துல குணம் தெரிஞ்சா, வருஷம் பூராவும் உங்க பொண்ணுக்குக் கம்பெனியே குடுக்கும்.”

ஐந்தாம் நாளே இடது கை அடங்கிவிட்டது. வலது கையைச் சரசு சுவரில் வைத்துத் தேய்த்தாள். ரத்தம் வந்தது. பெற்றவள் நான், பார்த்துக்கொண்டா இருப்பேன்? சிவப்பு டப்பாவை எடுத்து இரண்டு கைக்கும் பூசினேன். பச்சை டப்பாவில் இருந்ததை வாழை மரத்தடியில் வழித்துப் போட்டேன், இரண்டும் ஒன்றாகக் காலியான மாதிரி தெரியட்டும் என்று. இதற்கெல்லாம் எனக்கு எங்கிருந்துதான் புத்தி வருமோ!

மாதம் முடிந்து போனோம். டாக்டர் சன்னலோரம் நிறுத்தி இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் ஆறியிருக்குது. மருந்தால இல்லீங்க, தானா ஆறியிருக்குது” என்று எழுதிக்கொண்டார்.

உண்மை வாய் வரை வந்தது. திட்டுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். அதுதான் ஆறிவிட்டதே, இனி என்ன என்ற மெத்தனம் ஒரு பக்கம். “சரிங்க, போயிட்டு வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பதினைந்தே நாளில் இரண்டு கையிலும் திரும்ப வந்தது. கழுத்துக்கும் ஏறியது. கோயமுத்தூருக்கு ஓடினேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“மிச்ச டப்பாவெல்லாம் திருப்பி அனுப்பிப்போட்டேனுங்களே அம்மணி” என்றார்.

கம்பெனிக்கு மறுபடி எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. அந்த மாதிரிக் களிம்பு கடைக்கு வந்தபோது சரசுவுக்குப் பதினாலு வயது. தோல் ஆறியது. அவள் வயதுப் பிள்ளைகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தார்கள். இவள் மூன்றாவதோடு நின்றவள்.

அந்தக் களிம்பைப் பூசிவிடும்போது ஒருநாள் நடந்ததை அவளிடம் சொன்னேன்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கம்மா. ஒரு கைதானே, பொறுத்திருப்பேன்.”

பிள்ளையின் புண்ணோடு டாக்டர் வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செய்த தப்பை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்குத் தோல் வியாதி எதுவும் கிடையாது. ஆனாலும் அவள் சொன்னது நினைவுக்கு வரும்போதெல்லாம் என் வலது முழங்கை மடிப்பு அரிக்கிறது. சொறிவதில்லை. அதுவாக அடங்கும்வரை கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.