உடைந்த டிரைவ் ஷாஃப்டோடு பொம்மசந்திராவில் இரண்டு நாள்

போட்டிக்குப் பதினான்கு நாள் இருந்தபோது எங்கள் காரின் டிரைவ் ஷாஃப்ட் முறிந்தது. சேலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இருபது பேர் சேர்ந்து, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் காரைச் செய்துகொண்டிருந்தோம். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் எஃகுத் தண்டுதான் இந்த ஷாஃப்ட். காருக்குக் கார் நீளம் மாறுவதால் கடையில் கிடைக்காது, சொல்லித்தான் செய்யவேண்டும். அதற்கு அளவெடுத்தவள் நான். முறிந்த அன்று காரை ஓட்டியவன் என் நண்பன் நவீன்.

"கிளட்ச்சைப் படக்குன்னு விட்டான், அதான் போச்சு" என்று கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தவளும் நான்தான். அன்று மாலையே ஓட்டுநர் பட்டியலிலிருந்து அவன் பெயர் போய்விட்டது. அவன் சண்டை போடவில்லை. ஹெல்மெட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். பயணக் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், பயணத்தில் பாதி இதுதான்.

பெங்களூரு பொம்மசந்திராவில் மாணவர் கார்களுக்கு ஷாஃப்ட் செய்து தரும் சின்னப் பட்டறை ஒன்று இருப்பதாக சீனியர் ஒருவர் சொன்னார். போன் செய்தேன். "உடைஞ்ச பீஸ் எடுத்துட்டு வரணும். பீஸ் இல்லன்னா ஆர்டர் எடுக்க மாட்டோம்" என்றது ஒரு பெண் குரல். வரைபடம் இருக்கும்போது உடைந்த துண்டு எதற்கு என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை 5.10-க்கு சேலத்தில் பேருந்து. என் பையை நகர்த்தப் பார்த்த நடத்துநர் திகைத்துவிட்டார்.

"என்னம்மா, உள்ள இரும்புக் கடையா?"

"கார் பார்ட்ஸ் அண்ணா."

"கார் இருக்கறப்ப பஸ்ல எதுக்கும்மா வர்ற?"

190 ரூபாய் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். 165 கிலோமீட்டர், அத்திபெலேயில் இறங்கும்போது மணி 8.50. அங்கிருந்து பொம்மசந்திராவுக்கு உள்ளூர்ப் பேருந்தில் பத்து கிலோமீட்டர், 20 ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு ஏறினேன். அது கர்நாடக அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். தொழிற்பேட்டைக்குள் ஆட்டோவுக்கு 50.

போனில் பேசியவர் ஸ்டெல்லா அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும், பெங்களூரு நகரத்துக்குள் இருக்கும் பிரேசர் டவுனிலிருந்து தினமும் வருகிறார். ஷாஃப்டின் நுனியில் வரிவரியாகப் பல் வெட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. நான் விரித்த வரைபடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடைந்த துண்டை வாங்கித் துணியால் துடைத்து, நுனியை நகத்தால் தடவினார்.

"நுனி சப்பிப் போயிருக்கு பாரு. உள்ள போய் முட்டியிருக்கு. அளவு எப்படி எடுத்த?"

"வண்டிய ஸ்டாண்டுல தூக்கி வெச்சு, அக்கா. மூணு தடவ எடுத்தேன்."

"சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப முப்பது தடவ எடுத்தாலும் அதே தப்புதான்மா வரும். வண்டி தரையில எறங்கினா எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற நீளம் கம்மியாகும். ஆள் ஏறினா இன்னும் கம்மி. ஷாஃப்ட்டுக்கு நகர எடமே இல்லாம முட்டி முட்டி ஒடஞ்சிருக்கு."

"கிளட்ச்சை வேகமா விட்டதால இருக்காதா அக்கா?"

"அப்படின்னா இந்தப் பல்லெல்லாம் முறுக்கிட்டு நிக்கும். நேரா இருக்கு பாரு." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "ஓட்டுனவன் மேல போட்டுட்டீங்களா? எல்லா காலேஜும் இதேதான் பண்றாங்க. அதுக்குத்தான் பீஸ் கேக்குறது."

வண்டியை இறக்கி, ஓட்டுகிறவரை உட்காரவைத்து மறுபடி அளவெடுக்கச் சொன்னார். "அது வர்ற வரைக்கும் மிஷின் ஆன் பண்ண மாட்டேன். சொல்ப லேட்டானா பரவால்ல." சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்.

வெளியே வந்து போனை எடுத்தேன். புதிதாகப் பட்டியலில் சேர்த்தவனைக் கூப்பிட்டிருக்கலாம், அது சுலபம். நவீனைத்தான் கூப்பிட்டேன்.

"தப்பு உன்னுது இல்லடா. அளவு நான்தான் தப்பா எடுத்துட்டேன். மன்னிச்சிரு. இப்ப கார்ல போய் உக்காருவியா?"

"சரி, உக்காருறேன். ஆனா இந்த நாலு நாள்ல ரெண்டு கிலோ எறங்கிட்டேன். அதையும் கணக்குல சேத்துக்கோ."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

12.20-க்கு அளவு வந்தது. நான் எடுத்தது 412 மில்லிமீட்டர், சரியானது 406. நவீன் இரண்டு கிலோ இறங்கிய கதையை நான் சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்த புளிசாதத்தில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவியதும் வேலையை ஆரம்பித்தார். மாலை ஆறு மணிக்கு, பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகளும் பக்கத்து உலைக்குக் கடினப்படுத்தப் போயின. நான் சந்தாபுராவில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன், ஒரு இரவுக்கு 450. உலையில் தண்டு லேசாக வளையும் என்பதால் மறுநாள் நிமிர்த்திப் பார்த்து, மூன்று மணிக்குக் கையில் கொடுத்தார்கள். தண்டுகளுக்கு எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய்.

ஊருக்குப் போனதும், பழி போட்ட அதே கூட்டத்தில் நின்று என் தப்பைச் சொன்னேன். நவீன் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. போட்டியில் 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை அவன்தான் ஓட்டினான். கார் நிற்காமல் வந்து சேர்ந்தது.

போகிறவர்களுக்கு: கையில் இரண்டு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் பட்டறையில் இருந்தால்தான் அன்று மாலை உலைக்குத் தண்டு போகும். காரைத் தரையில் இறக்கி, ஓட்டுநரை உட்காரவைத்து அளவெடுங்கள். ஏதாவது முறிந்தால், அவரை இறக்கிவிடுவதற்கு முன் முறிந்த துண்டைப் பாருங்கள்.

போட்டி முடிந்ததும் ஸ்டெல்லா அக்காவுக்குப் படம் அனுப்பினேன். நேரில் நன்றி சொல்ல வர ஆசை, ஆனால் கொண்டுவர உடைந்த பீஸ் எதுவும் இல்லை என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"கைய வீசிட்டு வா. ஓட்டுனவனையும் கூட்டிட்டு வா. அந்த ரெண்டு கிலோவ நான் ஏத்தி அனுப்புறேன்."