பொட்டு வைத்த நெட்வொர்க் கார்டு

காலை ஒன்பதே முக்காலுக்குத் துளை விடுபட்ட மூன்று தறி அட்டைகள், அந்தோணிராஜ் என்ற பெயர்: அந்த ஐப்பசி நாளில் ஒரு வாடிக்கையாளரின் போனில் எனக்குக் கிடைத்தவை இவ்வளவுதான். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுது என்னவென்று தெரிவதற்கு முன்பே குற்றவாளியின் பெயர் வந்துவிடும்.

கார்டு வாங்கிய கதை

பாளையம்பட்டியில் பத்மாவதியம்மாளும் கணவர் வெங்கடேசனும் சேலைக் கரைக்கு டிசைன் போட்டு, தறிக்கான அட்டைகளில் துளையடித்துக் கொடுக்கிறார்கள். துளையடிக்கும் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆவணியில் அதற்கு இரண்டு நெட்வொர்க் இணைப்பு கேட்டார்கள்: டிசைன் போடும் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று.

உள்ளே கார்டு சொருக மூன்று ஸ்லாட். முதலாவதில் துளையடிக்கும் மெஷினை இயக்கும் கார்டு. ஒவ்வொரு கார்டுக்கும் 'என்னைக் கவனி' என்று கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு வழி உண்டு, இன்டரப்ட் என்போம். அந்தக் கம்ப்யூட்டரில் முதல் இரண்டு ஸ்லாட்டுக்கும் ஒரே வழி; இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒன்று தவறிப்போகும். எனவே இரண்டு தனிக் கார்டு வேண்டாம், இரண்டு வயர் சொருக இடம் உள்ள ஒரே கார்டை மூன்றாவதில் போடலாம் என்றேன். அதற்குள் வெங்கடேசன் ஆன்லைனில் ஒன்றை வரவழைத்திருந்தார். புது மாடல், பழைய ஸ்லாட்டில் இறங்காது. மதுரையில் பழைய மாடலைத் தேடிப் பிடித்து மாட்டினேன். அவருக்கு மனம் ஆறவில்லை.

"லேசா அரம் போட்டு ராவுனா எறங்கிருக்கும்ல அண்ணாச்சி?"

திரும்பி வந்த சேலைகள்

அட்டையில் ஒரு துளை விடுபட்டால் தறியில் ஒரு இழை எழும்பாது. கரைப்பூவில் இதழ் குறையும். அப்படி ஒன்பது சேலைகள் திரும்பி வந்திருந்தன. எட்டு வருடமாகத் துளையடிக்கும் அந்தோணிராஜைத் திங்கள் முதல் வர வேண்டாம் என்று பத்மாவதியம்மாள் சொல்லியிருந்தார். போனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார் என்பது அவர் புகார். அந்தோணிராஜ் மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

"வேல போனாப் போகுது அண்ணாச்சி. பேரு போயிரக் கூடாது. கண்டுபிடிங்க, நான் இங்கனயே நிக்கிறேன்."

மூன்றாவது ஸ்லாட்

நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு நாற்பது அட்டை அடித்தேன். ஒரு துளைகூட விடுபடவில்லை. வயரை மாட்டி, மெஷின் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெரிய டிசைன் ஒன்றை அனுப்பினேன். ஐந்தாவது அட்டையில் இரண்டு துளை இல்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே கதை. அந்தோணிராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூடியைத் திறந்தால் ஒவ்வொரு கார்டிலும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்குக் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். நெட்வொர்க் கார்டு இரண்டாவது ஸ்லாட்டில் இருந்தது. மூன்றாவதில் தூசி அடைந்திருந்தது, அதனால்தான் மாற்றினேன் என்றார் வெங்கடேசன். பூஜை அன்றைக்கு அந்தோணிராஜ் லீவு. பத்மாவதியம்மாள் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, வெங்கடேசன் வெளியே போய்விட்டார்.

கார்டைத் திரும்ப மூன்றாவது ஸ்லாட்டுக்கு மாற்றி, நெட்வொர்க் ஓட ஓட நூறு அட்டை அடித்தோம். ஒரு துளையும் விடுபடவில்லை. அந்தோணிராஜைத் திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொன்னார் பத்மாவதியம்மாள்.

"வாரேம்மா. தப்பு என் மேல இல்லேன்னு ஒரு பேப்பர்ல எழுதி மட்டும் குடுத்துருங்க."

கார்த்திகை முதல் தேதி, அந்தப் பேப்பரைக் காட்டி, அந்தோணிராஜ் வேறொரு கடையில் துளையடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.