நெற்றியைத் தொட்ட கை

ஏழு வருடம் பேஸ்போல் ஆடியபோது வராத நடுக்கம், லண்டன் ஹரோவில் எங்கள் பெண்கள் அணிக்கு மனேஜராக நின்ற முதல் நாள் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான். அந்தத் தலைநிமிர்வு அன்று கைகொடுக்கவில்லை.

ஆட்டத்தின் நடுவே மனேஜர் சைகையால்தான் பேசவேண்டும். தொப்பியைத் தொட்டால் நின்ற தளத்திலேயே நில், நெற்றியைத் தொட்டால் அடுத்த தளத்துக்கு ஓடு. இரண்டாம் தளத்தில் நின்ற என் தங்கச்சி, இடது கணுக்கால் முறிந்து குணமாகி அன்றுதான் திரும்பியிருந்தாள். அவளை ஓடவிடுவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன்.

அம்மா வைத்துவிட்ட குங்குமம் வியர்வையில் கண்ணுக்குள் வழிந்தது. நெற்றியைத் துடைத்தேன். அவள் ஓடினாள்.

பந்து அவளுக்கு முன்னே மூன்றாம் தளத்துக்குப் போய்விட்டது. சறுக்கி விழுந்தவள் புழுதிக்குள் அசையாமல் கிடந்தாள். நடுவர் அவுட் என்றார். பிறகே அவள் மெல்ல எழுந்தாள்.

“ஏனக்கா ஓடச் சொன்னனீங்கள்?”

“சொல்லேல்லையடி. பொட்டைத் துடைச்சனான்.”

“அடுத்த மட்ச்சுக்கு ஸ்டிக்கர் பொட்டோட வாங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஓரத்து வாங்குப் பலகைக்கு நடந்து போய் உட்காரும்வரை, அவளுடைய இடது காலிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.