மணி அடிக்காத வீடு

இல்லை, அவள் எவனையும் பார்க்கப் போகவில்லை. காலையில் தலைவாரி, இஸ்திரி போட்ட உடை உடுத்தி, கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்ப ஆயிரம் காரணம் இருக்கலாம். மேல்மாடி அம்மாவுக்கு மட்டும் ஒரே காரணம்தான் தோன்றும். "வேலைக்கு லீவு போட்டுட்டு எங்கயோ போறா. புருஷனே வண்டில கொண்டுபோய் விடறான். எங்கன்னு கேட்டா பேச்ச மாத்தறான்" என்று அவள் தையல் கடையில் சொல்லிவைத்தாள். தையல்காரி அதற்கு இரண்டு கை வைத்துத் தைத்து அனுப்பினாள். தெருமுனைக்குப் போவதற்குள் அது முழுச் சட்டையாகிவிட்டது: போன்காரிக்குப் புத்தி பிசகிவிட்டதாம், வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்று வாசல் மணியையே பிடுங்கி வைத்துவிட்டார்களாம், அவ்வளவு திமிராம்.

மணியைப் பிடுங்கியது மட்டும் உண்மை. பிடுங்கியவர் அவள் புருஷன். ஏன் பிடுங்கினார் என்று கேட்டுவிட்டுப் பேசியிருந்தால் இவர்கள் வாய்க்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

அவளைப் போன்காரி என்று தெரு கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஆபத்து நேரத்தில் ஜனங்கள் அழுதுகொண்டே அழுத்துகிறார்களே ஒரு எண், அந்த எண்ணின் மறுமுனையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஜன்னல் இல்லாத நீள அறை. பதினான்கு நாற்காலிகள். காதில் மாட்டிய கருவி, எதிரே ஒரு வரைபடம். மறுமுனையில் வீடே எரிந்தாலும் அவள் குரல் ஒரு நூல் ஏறாது. "எந்தத் தெரு, பக்கத்துல என்ன கடை, மூச்சு இருக்கா" என்றுதான் கேட்பாள். வீட்டிலும் அதே கதை. ஒன்பது வயது மகள் முட்டியில் சிராய்த்துக்கொண்டு அலறி வந்தால், "சொட்டுதா, வழியுதா?" என்பாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு முட்டியைக் குனிந்து பார்த்துச் சொல்லும்.

புருஷன் கரண்ட்காரர். வீடுகளுக்கு வயர் இழுப்பார், மோட்டார் பழுது பார்ப்பார். "எனக்கு ஷாக் அடிச்சாகூட இவ அட்ரஸ் கேட்டுட்டுத்தான் அழுவா" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள் ஒரு நாள் உடைந்து போவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு பகல் நேரத்து அழைப்பு. ஒரு அம்மாளின் கணவர் சமையலறையில் விழுந்து கிடந்தார். மார்பில் கை வைத்து அழுத்தச் சொல்லி, போன்காரி இங்கிருந்து எண்ண, அந்த அம்மாள் அங்கிருந்து எண்ண, இரண்டு குரலும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி மணி போனது. ஆம்புலன்ஸ் வண்டி போய்ச் சேரும்வரை விடாமல் கூப்பிட்டாள். அந்த மனிதர் பிழைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். முகவரி சரி, நேரம் சரி, சொன்னதெல்லாம் சரி, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் வாசித்தாள். அவள் உடம்பு வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த மணி அடித்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். வாசல் மணி, பக்கத்து வீட்டு போன், மகளின் அலாரம், எதுவானாலும் சரி. கை சில்லிட்டுப் போகும், மூச்சு மேலேயே நிற்கும். வேலையில் அழைப்பு வந்து விளக்கு எரியும். விரல் பொத்தானுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுவிடும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் அவளை மருத்துவரிடம் அனுப்பினார்.

படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை, மாத்திரை மட்டும் போதாது என்றார் மருத்துவர். பகல் சிகிச்சை என்று ஒன்று இருந்தது. வாரத்துக்கு நாலு நாள், காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை, பத்து வாரம். நுழைந்ததும் இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு தனியறையில் தெரபிஸ்டோடு ஒரு மணி நேரம். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அங்கே படித்ததை இங்கே செய்து பார்க்க வேண்டும். அவள் 'போய்க்கொண்டிருந்த' இடம் அதுதான்.

அலுவலகம் மூன்று மாத விடுப்பு கொடுத்திருந்தது. அதற்குள் அவளால் மணிச் சத்தம் கேட்டு அசையாமல் உட்கார முடிந்தால் பழைய நாற்காலி. முடியாவிட்டால் கோப்பு அறையில் ஒரு மேசை. அவளுக்கு அந்த நாற்காலிதான் வேண்டும். கரண்ட்காரருக்கோ, வெளியே சொல்லவில்லை, அந்தக் கோப்பு அறையே போதும் என்றிருந்தது.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போகமாட்டார். எதிரிலுள்ள டீக்கடையில் ஒரு மணிவரை உட்கார்ந்திருப்பார். வீட்டில் வாசல் மணியை வயரோடு பிடுங்கினார். மகளின் அலாரம் கடிகாரத்தைப் பழைய துணிகளுக்கு நடுவே புதைத்தார். தன் போனை ஊமையாக்கிக் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்; நாலு வீட்டில் மோட்டார் ஓடாமல் கிடந்ததே அவருக்குத் தெரியவில்லை. என்றைக்காவது பஸ்ஸில் போகும்போது யாருடைய போனாவது அடித்தால், "தம்பி, கொஞ்சம் அணைச்சிடுங்க" என்று இரண்டு சீட் தாண்டிப் போய்க் கெஞ்சுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மனுஷன் சத்தத்துக்குக் காவல் இருந்தார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை வீட்டாரையும் கூப்பிட்டார்கள். சின்ன அறை, மூன்று நாற்காலி, மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. தெரபிஸ்ட் இளவயதுப் பெண். கரண்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு மாசமா எங்க வீட்ல ஒரு மணிகூட அடிச்சதில்லை மேடம். அப்படிப் பாத்துக்கறேன்."

பாராட்டுவாள் என்று பார்த்தார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ரொம்ப அன்பா பாத்துக்கறீங்க சார். ஆனா நீங்க ஒவ்வொரு தடவை சத்தத்த அணைக்கும்போதும் அவங்க மனசு என்ன நினைக்கும்? 'இது நிஜமாவே ஆபத்துதான், நல்லவேளை இவர் காப்பாத்தினார்'னு நினைக்கும். அப்புறம் பயம் எப்படிக் குறையும்?"

"அடிபட்ட எடத்துல யாராவது குத்திப் பாப்பாங்களா?"

"குத்தச் சொல்லலை. கட்டப் பிரிக்கச் சொல்றேன்."

அவருக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண், என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குச் சொல்கிறாள் என்று முகம் கறுத்தது. போன்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, ஒரு லைட் எரியலன்னு கூப்பிட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"ஸ்விட்ச்சப் பாப்பேன். வயரப் பாப்பேன்."

"மெயின ஆஃப் பண்ணிட்டு, 'பாரு, இனிமே எதுவும் புகையாது'ன்னு சொல்லிட்டு வருவீங்களா? நம்ம வீட்ல அதத்தான் செஞ்சு வச்சிருக்கீங்க."

பதினைந்து வருஷக் கல்யாணத்தில் அவள் அவர் தொழிலுக்குள் புகுந்து அடித்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் மணியை மாட்டினார்.

தெரபிஸ்ட் சொன்னபடி தினமும் சாயந்தரம் ஐந்து மணிக்கு வாசல் மணி அடிக்க வேண்டும். அடிப்பவள் மகள். போன்காரி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பயம் எவ்வளவு என்று காகிதத்தில் எண் போட வேண்டும். அந்த எண் பாதியாகும்வரை யாரும் பக்கத்தில் போகக்கூடாது, கையைப் பிடிக்கக்கூடாது, தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அது முன்னாலேயே எழுதிவைத்த பாடம். முதல் நாள் ஒன்பது. இரண்டாம் நாளும் ஒன்பது. மூன்றாம் நாள் எட்டு. கரண்ட்காரர் சமையலறையில் நின்று, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் எண் திடீரென்று மூன்றுக்கு இறங்கியது. மகள் குதித்தது. போன்காரி குதிக்கவில்லை. எழுந்துபோய்த் தானே மணியை அழுத்திப் பார்த்தாள். தொண்டை கட்டினவன் கூப்பிடுவது போல ஒரு சத்தம் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூடியைக் கழற்றினாள். உள்ளே மணிக்கும் அதை அடிக்கும் சின்னச் சுத்திக்கும் நடுவில் மடித்து வைத்த பஞ்சு.

"ஊருக்கெல்லாம் கரண்ட்காரர். சொந்த வீட்டு மணி இப்படி இருமுதே, வெக்கமா இல்ல?"

"இல்லம்மா… நீ நடுங்கறத என்னால பாக்க முடியல."

"பாக்க முடியலன்னா பாத்துக்கிட்டே முடியாம இருங்க." அவள் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. "நடுங்கறது என் வேலை. அத நான் செஞ்சுக்கறேன். அதத் தாங்கறது உங்க வேலை. உங்க வேலைய நீங்க ஒழுங்காப் பாக்காம என் வேலைல ஏன் கை வைக்கறீங்க?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த மூணு கணக்குல உண்டா இல்லியா?" என்று கேட்டது. இல்லை என்று தீர்ப்பாயிற்று. பஞ்சை எடுத்த பிறகு மறுபடி எட்டு.

ஆறாவது வாரம்தான் மோசமான வாரம். தனியறையில் அந்த அழைப்பை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிவு செய்து, வீட்டில் தினமும் ஒரு தடவை கேட்க வேண்டும். முதல் நாள் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மறுநாள் காலை, "நான் போகல" என்றாள். போகாதே என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு நாளில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஒரு வீட்டில் மாவு அரைக்கும் யந்திரத்தின் மோட்டாரைப் பிரித்து, மாட்டுவதற்குள் இரண்டு திருகாணியைத் தொலைத்தார். மத்தியானம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பத்தரை மணிக்கு அவளே கிளம்பிப் போயிருந்தாள். "பாதி நேரந்தான் கெடச்சுது. பாதி போதும்னு இருந்தேன்" என்றாள் வந்து.

எட்டாவது வாரம் அந்தப் பதிவை அவரிடமும் கொடுத்தாள். அவர் கேட்டார். இணைப்பு அறுந்த பிறகு என்ன நடந்தது என்று அவர் அதுவரை அறிந்ததில்லை. கூப்பிட்டுக்கொண்டே அவள் எண்ணுவதையும் நிறுத்தவில்லையாம். கேட்க ஆளில்லாத காதுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று, வண்டி போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை. பக்கத்து நாற்காலிக்காரி தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாளாம்.

"அப்ப நீ அவங்கள விடவே இல்ல" என்றார் அவர்.

"அதத்தான் தெரபிஸ்டும் சொன்னாங்க. நான்தான் நம்பல." பதிவை அணைத்துவிட்டு, "இப்ப கொஞ்சம் நம்பறேன்" என்றாள்.

பத்தாவது வாரம் முடிந்தபோது பயம் செத்துப் போய்விடவில்லை. சில நாள் மூன்று, சில நாள் ஐந்து. பயம் திரும்பித் தலை தூக்கினால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துவந்தாள். முதல் இரண்டு வாரம் அரை ஷிப்ட், பக்கத்தில் ஒரு மூத்த ஊழியர், பழைய நாற்காலி என்று அலுவலகத்தோடு பேசிமுடித்தாள். கோப்பு அறையை அவள் எட்டியும் பார்க்கவில்லை.

வேலைக்குப் போகும் அன்று ஏழு மணிக்கே தயாரானாள். கரண்ட்காரர் வண்டிச் சாவியோடு நின்றார். "பஸ்ல போறேன்" என்றாள். சரி என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டினாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது, நின்றது, திரும்பி மேலே ஏறிவந்தது.

முடியலன்னா விடும்மா, கோப்பு அறையே போதும்: அந்த வார்த்தை அவர் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் முகம் கதவில் தெரிந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. அவர் வார்த்தையை விழுங்கினார்.

"குடைய மறந்துட்டேன்" என்றாள்.

எட்டி எடுத்துக் கொடுக்கப் போனவர், கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளே உள்ளே வந்து ஆணியிலிருந்து எடுத்தாள்.

"மழை இல்லியே" என்றார்.

"சாயந்தரம் வரும்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவையாக வாசலைத் தாண்டிப் போனாள்.